சோதிச்சாங்களா என்று கேளுங்க!

நான் ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறேன்.

ஆம்பூர்னு சொன்னதுமே நடுவர் ஐயா முகத்துல ஒரு வெளிச்சம் வருது. பிரியாணி கொண்டு வரலைங்க ஐயா! (சிரிப்பு) நான் பேசப்போறது அந்தப் பிரியாணி உள்ளே போய்ச் சேருகிற இடத்தைப் பத்தி. சாப்பிடற நேரத்துல இதைப் பேசலாமான்னு யாராவது முகம் சுளிச்சா மன்னிச்சுக்குங்க. பேசக் கூச்சப்பட்டுத்தான் பல பேர் இந்த வியாதியை முத்த விட்டுடறாங்க.

இன்றைய தலைப்பு, 'தீராத நோய்க்கு நாம் நம்ப வேண்டியது மூலிகையா, ரசாயன மருந்தா?' என்னை ரசாயன அணியில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரணி அண்ணன் பேசும்போது, 'மஞ்சளுக்கு சர்ட்டிபிகேட் கேட்கிறவன் நாளைக்குத் தாய்ப்பாலுக்கும் சர்ட்டிபிகேட் கேட்பான்' என்று சொன்னார். அரங்கமே அதிர்ந்தது. நானும்தான் கைதட்டினேன். வசனம் நல்லா இருந்தது. (சிரிப்பு) ஆனா அண்ணே, மஞ்சளுக்கு சர்ட்டிபிகேட் கேட்டாங்க. கேட்டதனாலதான் மஞ்சளுக்குப் பெருமை வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு ஷூ கப்பல் ஏறணும்னா அதை மெஷின்ல மாட்டி ஆயிரக்கணக்கான தடவை மடக்குவோம். தண்ணியில ஊற வைப்போம். சாயம் ஒட்டுதான்னு வெள்ளைத் துணியால தேய்ப்போம். ஒட்டின இடம் விடுதான்னு இழுத்துப் பார்ப்போம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கால்ல போடற ஷூவுக்கு இத்தனை சோதனை! என் தம்பி வயித்துக்குள்ள போற பொடிக்கு ஒரு சோதனையும் வேணாமா? (கைதட்டல்)

இன்றைக்கு நாம் போடுகிற இந்தச் சண்டையை எங்கள் ஊர் எப்போதோ போட்டு முடித்துவிட்டது. எங்க தாத்தா காலத்துல தோலை ஆவாரம் பட்டையிலயும் கடுக்காயிலயும் வாரக்கணக்கா ஊறப்போட்டுப் பதப்படுத்துவாங்க. பிறகு குரோமியம் உப்பு வந்தது. தோலை டிரம்முல போட்டுச் சுத்தினா ஒரே நாள்ல நீலமா வெளியே வந்துடும். பட்டையா, குரோமான்னு டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. தோல்காரங்க அதை வாயால தீர்க்கலை. ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போட்டாங்க. பட்டைத் தோல் சுருண்டுடுச்சு, குரோம் தோல் அப்படியே நின்னுது. அப்ப குரோம் ஜெயிச்சதா? இருங்க. அடித்தோல், பெல்ட், குதிரைச் சேணம்னு வந்தா பட்டைத் தோல்தான் உழைக்கும். குரோம் போட்ட தண்ணி பாலாற்றை என்ன பண்ணுச்சுன்னு எங்க கிணறுகளைக் கேளுங்க. 1996-ல் உச்ச நீதிமன்றமே வேலூர் வழக்கில் தோல் ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. எது செடியிலிருந்து வந்தது, எது டின்னிலிருந்து வந்தது என்பதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்ப தம்பிக்கு வர்றேன். பேர்ணாம்பட்டுல தோல் கம்பெனி வேலை. இருபத்தாறு வயசுல வயித்துப்போக்கு ஆரம்பிச்சது. சூடுன்னு மோர் குடிச்சான். மூலம்னு கருணைக்கிழங்கு சாப்பிட்டான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினஞ்சு தடவை. போறதெல்லாம் ரத்தமும் சளியும். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ல ஏறவே பயப்படுவான். வழியில வந்துட்டா எங்கே இறங்குவான்? அவன் கல்யாணப் பேச்சு ரெண்டு தடவை நின்னது எதனாலன்னு உறவுக்காரங்க யாருக்கும் இன்னி வரைக்கும் தெரியாது.

அந்த வியாதிக்குப் பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவர் அழன்று புண்ணாகிப் போவது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. இதன் உடன்பிறப்பு கிரோன்ஸ் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும். இரண்டுமே அடங்கும், மறுபடி கிளம்பும். முழுசாக விட்டுப் போகாது. 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி' என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். பஞ்சாபில் கணக்கெடுத்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்.

தம்பிக்கு மாத்திரை கொடுத்தாங்க, அடங்குச்சு. ஆறு மாசம் நல்லா இருந்தான். அப்புறம் யாரோ ஒருத்தர் சொன்னார்னு ஒரு மூலிகை வியாபாரிகிட்டப் போனான். ஊர் வேணாம், பேர் வேணாம். 'இங்கிலீஷ் மருந்து குடலை அரிச்சிடும், நம்ம பொடி நூத்துக்கு நூறு பச்சிலை'ன்னாராம் அவர். பத்தே நாள்ல தம்பிக்குப் பசி எடுத்தது. ரத்தம் நின்னுது. வீடே அந்தப் பொடியைக் கும்பிட்டது! மூணாவது மாசம் முகம் பூரி மாதிரி உப்பிடுச்சு. சர்க்கரை ஏறிடுச்சு. டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, 'பொடி ஏதாவது சாப்பிடறியாப்பா?'ன்னு கேட்டார். அதை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார். என்ன இருந்தது தெரியுமா? ஸ்டீராய்டு! அதைச் சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டை மறந்து போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக் கொண்டு வர மாசக்கணக்காச்சு.

இதுல வேடிக்கையைப் பாருங்க. குடல் புண்ணுக்கு ஸ்டீராய்டு வேலை செய்யும் என்று சோதித்துக் காட்டியது 1955-ல், ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் ட்ருலவும் விட்ஸும். மொத்தம் 210 நோயாளிகள். பாதிப் பேருக்குக் கார்ட்டிசோன், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை. கார்ட்டிசோன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது. வெத்து மாத்திரையில் நூற்றுக்கு 16 பேருக்குத்தான். அப்படிச் சோதிச்சு வந்த மருந்தைத்தான் அந்த வியாபாரி திருடிப் பொடியில கலந்திருக்கார். ஐயா, தன்னோட பச்சிலை மேல அவருக்கே நம்பிக்கை இல்லை! (பலத்த கைதட்டல்)

எங்கள் பக்கத்தில் இது இன்னொரு விதத்திலும் ஆபத்து. நம் நாட்டில் குடலில் காசநோய் வரும். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் அதுவும் கிரோன்ஸும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காசநோய்க்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அன்னா புலிமூட், ராமகிருஷ்ணா முதலானோர் 1999-ல் 'கட்' என்ற இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். குடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். காசநோயில் அந்தச் சிறு கட்டிகள் பெரிதாகவும் நிறையவும் ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கும் என்று காட்டினார்கள். பொடி விற்கிறவர் எந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்?

சரி, மஞ்சளுக்கு வருவோம். அண்ணன் காத்துக்கிட்டிருக்கார்.

மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான சத்து குர்க்குமின். 2006-ல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான மாத்திரை உண்டு. அதோடு பாதிப் பேருக்கு தினம் 2 கிராம் குர்க்குமின், பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குர்க்குமின் பக்கம் 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. வெத்து மாத்திரைப் பக்கம் 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. 2015-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில் வழக்கமான மாத்திரை போதாத நோயாளிகளுக்கு 3 கிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெத்து மாத்திரையில் ஒருத்தருக்கும் அடங்கவில்லை. அண்ணே, இப்ப கைதட்டுங்க, இது உங்க அணிக்கு! (கைதட்டல், சிரிப்பு)

ஆனா தட்டின கையைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க. டில்லி எய்ம்ஸில் 62 நோயாளிகளுக்கு இதையே சோதித்தார்கள், 2017-ல் வெளியிட்டார்கள். அங்கே கொடுத்தது ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம். எட்டு வாரம் கழித்து வெத்து மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே மஞ்சள் சத்துதான், அளவு வேறு. குழம்பில் போடுகிற மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு சில பங்குதான். நாம் தினம் சாம்பாரில் மஞ்சள் போட்டு, அதுவே இந்த நோயைத் தடுக்கும் என்றால் தமிழ்நாட்டில் ஒருத்தருக்கும் இந்த நோய் வந்திருக்கக் கூடாது. என் தம்பி என்ன, மஞ்சள் இல்லாமலா வளர்ந்தான்?

அடுத்து நிலவேம்பு. டெங்கு நேரத்தில் ஊரெல்லாம் வரிசையில் நின்று குடித்தோமே, அதே செடிதான். அதன் சாற்றை மாத்திரையாக்கி 224 பேருக்குக் கொடுத்துச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். அதிக அளவு சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் குணம் தெரிந்தது. ஆகா என்று இருக்கிறதா? வெத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 40! தாய்மார்களே, இந்த நாற்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வியாதி தானாகவே ஏறி இறங்கும். இறங்குகிற நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும், அது காய்ந்த மாவாக இருந்தாலும், அதுதான் காப்பாற்றியது என்று தோன்றும். 'பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாப் போச்சு'ன்னு நாம சொல்றோமே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இந்த நாற்பதில் ஒருத்தரா, நிஜமா மருந்து கேட்ட ஆளா? நமக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் வெத்து மாத்திரையை எதிர்ப்பக்கம் வச்சு எடை போடறாங்க. அடுத்த கட்டமாக இன்னும் பெரிய சோதனை தொடங்கினார்கள். பாதி வழியில் கணக்குப் பார்த்தபோது பலன் தேறாது என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள்.

அவுரி நீலம் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் நம் தென்னாற்காட்டிலெல்லாம் பயிர் செய்ய வைத்த நீலம். அதே நீலத்தை வேறு சில செடிகளிலிருந்தும் எடுப்பார்கள். சீன வைத்தியத்தில் அந்தப் பொடிக்கு 'சிங் தாய்' என்று பெயர். ஜப்பானில் 86 பேருக்குக் கொடுத்தார்கள். அளவுக்கு ஏற்றபடி நூற்றுக்கு 70 முதல் 81 பேர் வரை குணம் கண்டார்கள், வெத்து மாத்திரையில் 14 பேர்தான். மாத்திரை உலகமே வியந்துபோன பலன்! ஆனால் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏன்? சோதனைக்கு வெளியே, தாங்களாகவே கடையில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தானது. 2016-ல் ஜப்பான் அரசாங்கம் எச்சரிக்கை விட்டது. செடிதான், பச்சிலைதான். 'பக்க விளைவே கிடையாது' என்று நம் ஊர்ச் சுவரில் எழுதி வைக்கிறார்களே, அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நான் ரசாயன அணி. என் அணியை மட்டும் விட்டுவிடுவேனா? டோஃபாசிட்டினிப் என்று ஒரு மாத்திரை. 2018-ல் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்தது. 2021-ல், ரத்தம் உறைதல், மாரடைப்பு ஆபத்து உண்டு என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கி, மற்ற மருந்து கேட்காதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். லேபில் செய்ததாச்சே, பெரிய கம்பெனியாச்சே என்று யாரும் சும்மா விடவில்லை. கடைக்கு வந்த பிறகும் சோதித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

தோல் ஊர்க்காரி என்பதால் இன்னொன்று சொல்லாமல் போக மாட்டேன். 1994-ல் ஜெர்மனி அசோ சாயம் சிலதுக்குத் தடை போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் கதிகலங்கிப் போச்சு. அசோ என்பது ஒரு ரசாயனக் கொக்கி. அந்தக் கொக்கி உடையும்போது சில சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள் வெளியே வரும். எங்க ஊர்ல அசோ என்ற பேரே கெட்ட வார்த்தை. இப்ப கேளுங்க. தம்பி முதல்ல சாப்பிட்ட மாத்திரை சல்ஃபாசலசின். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர் மூட்டு வாதத்துக்காக உருவாக்கியது. 1940-களில் குடல் புண்ணுக்கும் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த மாத்திரைக்குள்ளே இருப்பதும் அதே அசோ கொக்கிதான்! வயிற்றில் உடையாமல் பெருங்குடல் வரை போகும். அங்கே இருக்கிற கிருமிகள் கொக்கியை உடைக்கும். மருந்து சரியாகப் புண் இருக்கிற இடத்தில் இறங்கும். உடைந்த இரண்டு துண்டில் எது மருந்து? 1977-ல் ஆசாத் கானும், அதே பழைய ட்ருலவும் அவர்கள் குழுவும் இரண்டையும் தனித்தனியாக எனிமா கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு துண்டு கேட்டது, ஒரு துண்டு கேட்கவில்லை. கேட்ட துண்டுதான் இன்றைக்கு மெசலமின் மாத்திரையாக என் தம்பி சட்டைப் பையில் இருக்கிறது. சாயத்தில் விஷம் கக்கிய கொக்கி, மாத்திரையில் மருந்தைக் கொண்டு சேர்க்கிறது. பெயரை வைத்து என்னத்தைச் சொல்ல?

எதிரணி அண்ணன், 'சோதனை எல்லாம் அமெரிக்கா, ஜப்பான்லதானே, நம்ம ஊர்ல உண்டா?' என்றார். வேலூர்லயே உண்டு அண்ணே. சி.எம்.சி.யில் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு சாதாரண உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு குழுவுக்கு அதோடு அரிசி மாவு. மூன்றாவது குழுவுக்கு எளிதில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவு. அந்த மாவு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், கிருமிகள் அதைத் தின்று, குடல் தண்ணீரை உறிஞ்ச உதவுகிறது. மூன்றாவது குழுவுக்குத்தான் பேதி சீக்கிரம் நின்றது. 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழிலேயே அது வந்தது. மாவுதான் ஐயா! நம் கஞ்சிக்கு அக்கா முறை. அதையும் தராசில் வைத்துத்தான் சொன்னார்கள்.

நம் ஆட்களை வைத்தே சோதிக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அசதயோபிரின் என்று இந்த நோய்க்கு ஒரு பழைய மாத்திரை. மேல்நாட்டில் பல வருஷம் கொடுத்துப் பழகியது. ஆசியாக்காரர்களில் சிலருக்கு மட்டும் வெள்ளையணு சரசரவென்று இறங்கும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2014-ல் கொரியாவில் கண்டுபிடித்தார்கள். அது வெள்ளைக்காரர்களிடம் அபூர்வம், அதனால் அங்கே தெரியவே இல்லை. அவங்க கால் அளவுக்குச் செய்த ஷூவை நம்ம கால்ல மாட்டினா கடிக்கத்தானே செய்யும்?

நடுவர் ஐயா மணி மேல கை வைக்கிறார். முடிச்சுடறேன்.

போன மாசம் தம்பியை ஒரு மருந்துச் சோதனையில் சேர முடியுமான்னு கேட்டாங்க. கையில பத்துப் பதினஞ்சு பக்கம் தமிழ்ல அச்சடிச்ச காகிதம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிங்க, அவசரமில்லைன்னாங்க. இந்த மாதிரி சோதனைகளை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அரசாங்கப் பதிவேட்டில் பதியணும். 2007-ல் வந்த பதிவேடு, 2009-லிருந்து கட்டாயம். சோதனையால கெடுதல் வந்தா இலவசமா வைத்தியம் பார்க்கணும்னு 2019 விதியில இருக்கு. எப்ப வேணாலும் விலகலாம். ராத்திரி உட்கார்ந்து நான் சத்தமாப் படிச்சேன். 'உங்களுக்குக் கிடைப்பது மருந்தா, வெத்து மாத்திரையா என்பது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது' என்கிற வரி வந்ததும் எங்க அம்மா எழுந்து நின்னுட்டாங்க. 'எம் புள்ள இன்னா எலியா? அவன் வயித்துல மாவைக் கொட்டி வேடிக்கை பாக்கறதுக்கா பெத்தேன்?'

நான் பதில் சொல்லலை. அம்மா கேட்டதுல தப்பே இல்லை. தம்பிதான் சொன்னான். 'அம்மா, நான் பத்து வருஷமா முழுங்கற மாத்திரைய, எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தன் வெத்து மாத்திரை முழுங்கித்தாம்மா சோதிச்சிருக்கான். அவன் அம்மாவும் இப்படித்தான் கேட்டிருப்பாங்க.' (நீண்ட கைதட்டல்)

உடனே கையெழுத்துப் போட்டுடலை அவன். மறுபடி டாக்டர்கிட்டப் போய் ஒரு கேள்வி கேட்டான். 'எனக்கு வெத்து மாத்திரை வந்து, ரத்தப்போக்கு அதிகமாச்சுன்னா, எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருப்பீங்க?' டாக்டர் கோவிச்சுக்கலை. ஏழாவது பக்கத்தைத் திருப்பி விரலை வச்சுக் காட்டினார். பழைய மெசலமினை நிறுத்த மாட்டோம், புது மாத்திரை அதுக்கு மேலதான். நோய் ஏறினா அன்னைக்கே சோதனையிலிருந்து வெளியே எடுத்து வழக்கமான வைத்தியத்துக்கு மாத்திடுவோம்னு இருந்தது. அதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பேனாவை எடுத்தான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். முதல் டப்பா வர்ற திங்கட்கிழமை கொடுக்கிறாங்க. அதுல என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அம்மா இன்னும் சரியாப் பேசலை. அன்னைக்கு ரசம் சாதம் கட்டிக் கொடுக்கிறேன்னு மட்டும் சொல்லியிருக்காங்க.

மணி அடிச்சிட்டீங்க.